அக்ரிலிக் கேனப்பி மேல் காய்ந்துபோன எபாக்சியை எப்படி எடுப்பது?

சென்னை காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டும் ஷெட்டில் வேலை செய்யும் ஒரு தம்பியின் கேள்வி இது. ஒரு கல்லூரியின் ஏரோநாட்டிகல் துறையிலிருந்து, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தின் கேனப்பி, அதாவது பைலட் இருக்கைக்கு மேல் மூடும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் மூடி, அவர்கள் ஷெட்டுக்கு வந்திருக்கிறது. அடி விளிம்பைச் சுற்றி கிளாஸ் துணி வைத்து எபாக்சி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மாஸ்கிங் டேப் ஓரிடத்தில் தூக்கிக்கொண்டதில் எபாக்சி கண்ணாடி மேல் வழிந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு, ஷெட் பூட்டு. திங்கள் காலையில் பார்த்தால் கல். தடித்த சொட்டுகள் சில, பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய பூச்சு ஒன்று. "அசிட்டோன் போடலாமா, தின்னர் போடலாமா, இல்லை ஹீட் கன் வைத்துச் சுரண்டலாமா அண்ணே?" என்று கேட்கிறார்.

தம்பி, மூன்றும் வேண்டாம். முதல் வேலையாக அந்த அசிட்டோன் கேனை மூடி ஷெட்டின் அந்தக் கோடியில் கொண்டுபோய் வையுங்கள். பிரஷ் கழுவ, ரோலர் கழுவ, கை கழுவ என்று படகு ஷெட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் புழங்குகிறது. அசிட்டோன் நனைந்த துணியோடு யாராவது உதவிக்கு வந்து ஒரு துடை துடைத்தால் கேனப்பி அதோடு போயிற்று.

காரணம் தெரிந்துகொண்டால், நாளைக்கு யாராவது வேறொரு பாட்டிலை நீட்டினாலும் நீங்களே முடிவு செய்யலாம். எபாக்சியில் ரெசினும் ஹார்ட்னரும் வினையாகும்போது மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து ஒரே வலையாகிவிடுகின்றன. இறுகிய பிறகு அது எதிலும் கரையாது. கடுமையான கரைப்பானில் ஊறினால் உப்பி, பொருக்குத் தட்டும், அவ்வளவுதான். அக்ரிலிக்கின் கதை வேறு. அதன் நீண்ட சங்கிலிகள் பெரும்பாலும் பிணைப்பில்லாமல் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. கரைப்பான் உள்ளே புகுந்தால் சங்கிலிகள் விலகி, பொருளே கரைந்துபோகும். நேம் போர்டு செய்பவர்கள் அக்ரிலிக் துண்டுகளைக் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தனியாகப் பசை எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன. எபாக்சியை உப்ப வைக்கும் பெயிண்ட் ரிமூவர்களில் இருக்கும் மெத்திலீன் குளோரைடு அந்தக் குளோரோஃபார்முக்கு நெருங்கிய சொந்தம். ஆக, எபாக்சியை அசைக்கிற எந்தத் திரவமும் அதற்கு வெகு முன்பே அக்ரிலிக்கைத் தின்றுவிட்டிருக்கும். எந்தத் திரவம் என்ற தேடலை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் அக்ரிலிக் மற்ற விஷயங்களில் பரம சாது. இரண்டாம் உலகப் போரில் கேனப்பி சில்லுகள் கண்ணில் பாய்ந்த விமானிகளுக்கு அந்தச் சில்லினால் கண் பெரிதாகப் புண்ணாகவில்லை என்பதைக் கவனித்த லண்டன் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி, 1949-இல் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்புரை நோயாளிக்கு உள்ளே வைத்தார். கண்ணுக்குள் காலம் முழுக்கக் கிடந்தாலும் மாறாத பொருள், ஒரு சொட்டு அசிட்டோனில் வெளுத்துப்போகும்.

வெளுப்பதாவது உடனே கண்ணுக்குத் தெரியும். அதைவிட மோசம் மயிரிழை விரிசல், கிரேஸிங் என்பார்கள். கேனப்பி சும்மா கிடக்கிற தகடு இல்லை. சூடாக்கி ஊதி வளைத்தது, விளிம்பு அறுத்தது, துளை போட்டது, சட்டத்தில் இழுத்துத் திருகியது. அத்தனை இறுக்கமும் உள்ளே உறைந்திருக்கிறது. கரைப்பானின் ஆவி பட்டாலும், அந்த இறுக்கம் அதிகமாக உள்ள இடங்களில், முக்கியமாகத் துளைகளைச் சுற்றி, வெள்ளி நூல் போல விரிசல் ஓடும். உடனே தெரியாமல் மறுநாள் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். அப்படி வந்துவிட்டால் அதைத் தேய்த்துப் போக்க முடியாது. பெட்ரோல், ஸ்பிரிட், லாக்கர் தின்னர், அம்மோனியா கலந்த ஜன்னல் துடைக்கும் ஸ்பிரே எல்லாமே இந்தப் பட்டியல்தான். விமானப் பராமரிப்புக் கையேடுகள் இவற்றைத் தெளிவாகத் தடுக்கின்றன.

இப்போது ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வழிந்தது உண்மையிலேயே எபாக்சிதானா? உங்கள் ஷெட்டில் படகுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின். கோபால்ட் கலந்து, கேட்டலிஸ்ட் சில சொட்டு விட்டு, கண்ணாடியிழைப் பாயில் (மேட்) அடிக்கிற அந்த ரெசின். அதில் ஸ்டைரீன் இருக்கிறது, மூக்கைத் துளைக்கும் அந்த வாசனை அதுதான். ஸ்டைரீன் அக்ரிலிக்கைக் கடிக்கும். வழிந்தது அதுவாக இருந்தால், சொட்டைப் பெயர்த்தாலும் அடியில் பரப்பு ஏற்கெனவே அரிக்கப்பட்டு மங்கியிருக்கும். அந்த ஆழம் வரை தேய்த்து இறக்கித்தான் ஆக வேண்டும், சில சமயம் அதிலும் சரியாகாது. இரண்டு டப்பாவிலிருந்து அளந்து, ஒன்றுக்கு ஒன்றோ இரண்டுக்கு ஒன்றோ கலந்ததாக இருந்தால் எபாக்சிதான். அப்படியென்றால் பிழைத்தீர்கள், அது அக்ரிலிக்கின் மேலே உட்கார்ந்திருக்குமே தவிர உள்ளே இறங்கியிருக்காது. கீழே எழுதுவது எல்லாம் எபாக்சிக்கு.

அடுத்து, இந்தக் கேனப்பி பறக்கப் போகிறதா, கல்லூரியில் மாணவர்களுக்குக் காட்டப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பறக்கிற விமானமாக இருந்தால், எவ்வளவு ஆழம் தேய்க்கலாம், எந்த இடத்தில் தேய்க்கவே கூடாது என்பதற்கு அந்த விமானத்தின் கையேட்டில் வரம்பு இருக்கும், லைசன்ஸ் உள்ள பராமரிப்பு எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவரைக் கேட்காமல் உப்புத்தாளை எடுக்காதீர்கள். காட்சிக்கு மட்டும் என்றால் கொஞ்சம் தாராளம்.

சீட்டில் உட்கார்ந்தால் கண் மட்டம் எங்கே வருகிறது என்றும் பாருங்கள். விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்குள், பைலட்டின் பார்வை போகாத இடத்தில் இருக்கும் சொட்டை ஏன் எடுக்க வேண்டும்? விளிம்புக் கோட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி அதையும் மூடிவிடலாம். பல கேனப்பிகளின் அடியில் ஓடும் அந்த அகலமான பெயிண்ட் பட்டைக்குக் கீழே என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று கட்டியவர்களுக்குத்தான் தெரியும். எபாக்சி சொட்டு அங்கே கிடப்பதால் அக்ரிலிக்குக் கெடுதல் இல்லை. அதைச் சுரண்டப் போய் விழும் கீறல்தான் கெடுதல்.

சரி, எடுத்தே ஆக வேண்டிய சொட்டுகளுக்கு வருவோம். உங்களுக்குச் சாதகமாக இரண்டு விஷயம் இருக்கிறது. பளபளப்பான, தேய்க்காத அக்ரிலிக்கில் எபாக்சி அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. அதனால்தானே லே-அப், அதாவது கிளாஸ் துணியும் எபாக்சியும் சேர்ந்த அடுக்கு, வைக்கும் முன் விளிம்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினீர்கள். அந்தச் சொரசொரப்புக்கு வெளியே விழுந்த சொட்டு பெயர்ந்து வர நல்ல வாய்ப்பு. சொரசொரப்பின் மேலேயே விழுந்தது வராது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இன்னொன்று, ஷெட் வெப்பத்தில் இறுகிய சாதாரண எபாக்சி 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். உருகாது, தோல் மாதிரி ஆகும், நகம் பதியும். அக்ரிலிக் 100 டிகிரியைத் தாண்டித்தான் இளகும், 80 வரை விறைப்பாகவே நிற்கும். இந்த இடைவெளிக்குள்தான் நீங்கள் வேலை செய்ய வேண்டும்.

ஹீட் கன் வேண்டாம் என்றது இதனால்தான். அதன் வாயில் காற்று 300 டிகிரிக்கு மேல் வரும். ஒரு நொடி கை நின்றால் அக்ரிலிக் கொப்புளிக்கும். இழுத்து வலுவூட்டிய அக்ரிலிக்காக இருந்தால் அந்த இடம் சுருங்கவும் செய்யும். அக்ரிலிக் சூட்டை வேகமாகக் கடத்தாததால் மேலே எரிகிற இடம் உள்ளே இன்னும் குளிர்ந்தே இருக்கும், அந்த வித்தியாசமும் ஓர் இறுக்கம்.

தண்ணீர் போதும். கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் சென்னையில் ஏறக்குறைய 65 டிகிரி வரும், துணியில் ஏறும்போது 60-க்கு இறங்கிவிடும். தடிமனான டர்க்கி டவலை அதில் நனைத்து, சொட்டின் மேல் மட்டுமல்லாமல் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குப் போடுங்கள். உள்பக்கம் கை எட்டினால் அங்கேயும் ஒன்று. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள், கை வெந்துவிடும். ஐந்து முதல் பத்து நிமிடம் இருக்கட்டும், இடையில் ஒருமுறை டவலை மாற்றுங்கள். கவனிக்க வேண்டியது, நீங்கள் புதிதாக ஒட்டிய விளிம்பும் அதே எபாக்சி, அதுவும் அதே சூட்டில் இளகும். டவல் அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிளாம்ப் போட்டு இழுத்துப் பிடித்திருந்தால் அன்றைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

சூடு பண்ணிவிட்டு டீக்குப் போய்விடக் கூடாது. இரண்டு மூன்று நாள் ஆன எபாக்சி இன்னும் முழுசாக இறுகியிருக்காது. சூடு பட்டால் மிச்ச வினையும் நடந்து, ஆறிய பிறகு முன்பைவிடக் கெட்டியாகும், இளகும் வெப்பமும் மேலே ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு முறை சூடேற்றும்போதும் அடுத்த முறை கொஞ்சம் கடினமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கொண்டுபோய் வைப்பதற்கும் இதே பதில். மே மாத வெயிலில் ஒரு மதியம் நின்றால் எபாக்சி நன்றாகப் பழுத்துவிடும்.

ஐஸ் வைத்தால் தெறிக்கும் என்று சிலர் சொல்வார்கள். இரும்பு, அலுமினியம் மேல் ஒட்டிய எபாக்சிக்கு அதில் அர்த்தம் உண்டு, இரண்டும் சுருங்கும் அளவு வேறு. எபாக்சியும் அக்ரிலிக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சுருங்குபவை, அதனால் பிடி தளராது. குளிரில் அக்ரிலிக் இன்னும் நொறுங்கும் தன்மைக்குப் போவதுதான் மிச்சம்.

பெயர்க்கும் கருவி உங்கள் குப்பைத் தொட்டியிலேயே இருக்கும். கேனப்பி விளிம்பை அறுத்தபோது விழுந்த அக்ரிலிக் துண்டை எடுத்து, ஒரு முனையை உளி போலச் சரிவாக அரத்தில் தேய்த்து, கூரான மூலைகளை மழுக்கிக்கொள்ளுங்கள். ஒரே பொருள் என்பதால் அது கேனப்பியை ஆழமாகக் கீறாது. துண்டு இல்லையென்றால் பழைய ஏடிஎம் கார்டு. டவலை எடுத்த உடனே, பரப்போடு படுக்க வைத்து, சொட்டின் ஓரத்திலிருந்து கிடைமட்டமாகத் தள்ளுங்கள். நெம்பித் தூக்காதீர்கள். தூக்கினால் எபாக்சி தன்னோடு அக்ரிலிக்கிலிருந்து ஒரு சில்லையும் பெயர்த்துக்கொண்டு வரும், அந்தக் குழிதான் பின்னாளில் விரிசல் தொடங்கும் இடம். ஓர் ஓரம் தூக்கிக்கொண்டால் மீதி பெரும்பாலும் தகடாகக் கழன்று வரும். இரண்டு சூட்டில் அசையவில்லை என்றால் விட்டுவிட்டுத் தேய்ப்புக்குப் போங்கள்.

தடித்த சொட்டை உயரம் குறைக்க ஒரு வழி, சவர பிளேடின் இரு முனையிலும் டேப் சுற்றி, நடுப்பகுதி பரப்பைத் தொடாமல் சொட்டை மட்டும் சீவுவது. கார் பெயிண்டர்கள் பெயிண்ட் வழிசலுக்கு இப்படிச் செய்வார்கள். ஆனால் கேனப்பியில் இதற்கு ஒரு சிக்கல். வெளிப்பக்கம் குவிந்தது, தட்டையான பிளேடை அதன் மேல் வைத்தால் டேப் சுற்றிய முனைகள் அந்தரத்தில் நிற்கும், நடுவில் உள்ள கூர்தான் அக்ரிலிக்கில் உட்காரும். அதனால் உள்பக்கச் சொட்டுக்கு இது சரி, வெளிப்பக்கத்துக்கு ஆபத்து. உங்களுடையது வெளியே வழிந்தது என்பதால் பிளேடை மறந்துவிடுங்கள். ஐஸ்கிரீம் குச்சியின் நுனியில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைஸ்) ஒட்டி, சொட்டின் தலையை மட்டும் தேயுங்கள். சுற்றியிருக்கும் இடத்துக்கு இரண்டு மூன்று அடுக்கு பிவிசி டேப் ஒட்டிக் காப்பு கொடுங்கள். டேப்பின் உயரத்துக்கு சொட்டு இறங்கியதும் 400-ஐ நிறுத்த வேண்டும். அது அக்ரிலிக்கைத் தொடவே கூடாது.

பிறகு டேப்பை உரித்துவிட்டு 600-இலிருந்து மெல்ல ஏறுங்கள். 800, 1000, 1500, 2000. மெல்லிய பூச்சுக்கு நேராக 800 அல்லது 1000-இல் தொடங்கலாம். பாரிமுனையில் எந்தப் பெயிண்ட், ஹார்டுவேர் கடையிலும் இவை கிடைக்கும். எல்லாம் தண்ணீரில் நனைத்துத்தான், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து. தண்ணீர் விஷயத்தில் ஒரு வார்த்தை. நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் பரப்பில் வெள்ளைப் பொருக்கு நிற்கும், அதை அடுத்த துணி இழுத்துக்கொண்டு போகும். கேன் தண்ணீர் ஒன்று வாங்கிவிடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். கடற்காற்றில் மணல் பறக்கிற ஷெட் அது, தொடங்கும் முன் கேனப்பி முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைக்காமல். தரையையும் நனைத்துவிட்டால் தூசி எழாது.

தேய்ப்பில் கையாள வேண்டியது கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் ஒழுங்கு. விரலால் பேப்பரை அழுத்தினால் விரல் அளவுக்குப் பள்ளம் விழும், மெத்தென்ற ரப்பர் அல்லது ஃபோம் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு நம்பரில் முன்னும் பின்னும் தேய்த்தால் அடுத்த நம்பரில் குறுக்கே தேயுங்கள். முந்தைய கோடுகள் ஒன்றுகூட மிச்சமில்லை என்று குறுக்குக் கோட்டில் தெரிந்த பிறகே மேலே போக வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் வட்டத்தைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். ஒரே இடத்தைக் குழித்தால் பளபளப்பு வந்துவிடும், ஆனால் அந்த இடம் லென்ஸ் ஆகிவிடும். கேனப்பியில் இதுதான் பெரிய குற்றம். லேசான கீறல் வழியே ரன்வேயைப் பார்த்துவிடலாம், வளைந்து தெரிகிற ரன்வேயை நம்பி இறக்க முடியாது.

2000-க்குப் பிறகு மைக்ரோ மெஷ் என்று துணி போன்ற தேய்ப்புத் தாள் வருகிறது, 1500-இலிருந்து 12000 வரை. அதன் நம்பர் வேறு கணக்கு, சாதாரண வாட்டர் பேப்பரின் 1500-உம் அதன் 1500-உம் ஒன்றல்ல என்பதால் குழம்ப வேண்டாம். கடைசியில் அக்ரிலிக்குக்கென்று உள்ள பாலிஷ், நோவஸ் மாதிரி, மிருதுவான காட்டன் துணியில் கையால். பஃபிங் மெஷின் வேண்டாம், உராய்வுச் சூட்டில் அக்ரிலிக் இழுபட்டுவிடும். பிராட்வே பக்கம் வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் பழைய அக்ரிலிக் வாட்ச் கண்ணாடியைப் பிராசோ என்ற உலோகப் பாலிஷில் தேய்த்து மின்ன வைப்பார்கள், உங்களுக்கும் யாராவது அதைச் சொல்லுவார்கள். வாட்ச் கண்ணாடி சின்னது, இறுக்கம் இல்லாதது. அம்மோனியாவும் கரைப்பானும் உள்ள அதைக் கேனப்பிக்குக் கொண்டுவராதீர்கள். எந்தப் பேஸ்டையும் முதலில் அறுத்துப்போட்ட துண்டில் தேய்த்து, துண்டைக் கொஞ்சம் வளைத்துக் கட்டி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். வளைத்த நிலையில் விரிசல் வரவில்லை என்றால்தான் கேனப்பிக்கு.

முடிந்ததும் சோதனைக்கு ஷெட்டின் ரோலிங் ஷட்டரே போதும். அதன் கோடுகள் நேராகத் தெரியும்படி கேனப்பியைச் சில அடி தள்ளி வைத்து, பைலட் கண் இருக்கும் தூரத்திலிருந்து தலையை மெதுவாக மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். தேய்த்த இடத்தைக் கடக்கும்போது கோடு நெளிந்தால் இன்னும் அகலமாகத் தேய்த்துச் சமன்படுத்த வேண்டும். கேனப்பி சில மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால் அதற்கும் எல்லை உண்டு. அந்த எல்லை எது என்பதை, பறக்கும் விமானமாக இருந்தால், எஞ்சினியர்தான் சொல்ல வேண்டும். திருகுத் துளைக்கு அருகில் இருக்கும் சொட்டு என்றால் நான் தொடவே மாட்டேன்.

துளை என்றதும் ஒன்று. அக்ரிலிக் அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளம் 30 டிகிரி ஏறினால் 2 மில்லிமீட்டர். திருகுத் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவதே அதற்காகத்தான். எபாக்சி அந்த இடைவெளிக்குள் வழிந்து அடைத்திருந்தால் அதை மட்டும் எப்படியாவது எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் முதல் கோடையிலேயே துளையிலிருந்து விரிசல் கிளம்பும். கையால் திருகும் டிரில் பிட்டை, அக்ரிலிக்குக்கென முனை மழுக்கியது, மெதுவாக விட்டுத் துருவி எடுங்கள். மெஷின் வேண்டாம்.

அடுத்த லேயர் வைக்கும்போது பேப்பர் டேப்பை நம்பாதீர்கள், அதன் ஓரத்தில் எபாக்சி ஊறிக் கசியும். எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் பிவிசி டேப்பை ஓரத்தில் நகத்தால் அழுத்தி ஒட்டி, அதற்கு மேல் பாலிதீன் தாளை மூடி, மேல் விளிம்பு வரை ஒட்டிவிடுங்கள். எபாக்சி தோல் பதத்துக்கு வந்ததும், கல்லாகும் முன், டேப்பை உரித்தால் ஓரம் சுத்தமாக அறுந்து வரும். அப்போதே ஏதாவது வழிந்திருந்தால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, வெள்ளை வினிகர் தொட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். இறுகாத எபாக்சிக்கு அது நன்றாகவே வேலை செய்யும். பேப்பர் டேப்பின் பசை ஏற்கெனவே ஒட்டிக் கிடந்தால் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர். லே-அப் வைக்கப்போகும் இடத்தில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் அடுத்த லேயர் பிடிக்காது.